கடலோர மணல்மேட்டில் முதல் குவாட் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாட் என்பது பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கர வண்டி. பைக் ஓட்டத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததும் சொல்வது ஒன்றுதான்: "நாலு சக்கரம் இருக்கு, எங்கே விழப்போகுது?" நானும் அப்படித்தான் சொன்னேன். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு முறை விழுந்தேன். அதன்பிறகு பல முறை போய் வந்தாயிற்று. புதிதாகக் கிளம்பும் நண்பர்கள் போன் போட்டுக் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதல் பயணத்துக்கு மட்டுமே இது. குட்டிக்கரணம் போடுவது பற்றி இதில் ஒன்றும் கிடைக்காது.

பைக் நன்றாக ஓட்டுவேன். குவாட் அதைவிடச் சுலபம்தானே?

கிளப்புவது சுலபம். பைக் பழக்கம்தான் பிறகு காலை வாரும், அதுவும் நிஜமாகவே காலை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் பைக்காரன் யோசிக்காமல் காலைக் கீழே ஊன்றுவான். குவாட்டில் அப்படி ஊன்றினால் பின்சக்கரம் குதிகாலைப் பிடித்து, கெண்டைக்கால் மீது ஏறிவிடும். நான் முதலில் விழுந்தது அப்படித்தான். பூட்ஸ் போட்டிருந்ததால் வீக்கத்தோடு போயிற்று. ஆகவே முதல் பாடம்: என்ன நடந்தாலும் கால் ஃபுட்ரெஸ்டை விட்டு இறங்கக் கூடாது.

அடுத்தது திருப்பம். பைக்கைச் சாய்த்தால் அது வளையும். குவாட் சாயாது, நீங்கள்தான் சாய வேண்டும். பந்தய ரகக் குவாட்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுற்றுவதால், ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகவே பார்க்கும். திருப்பத்தின் உள்பக்கமாக உடம்பை நகர்த்திக் கொடுத்தால்தான் கேட்கும். ஆக்ஸிலரேட்டரும் கையால் முறுக்குவது இல்லை, வலது கட்டைவிரலால் அழுத்துவது. முதல் நாள் சாயங்காலம் டீ கிளாஸைப் பிடிக்கும்போது அந்த விரல் நடுங்கும். பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் நடுங்கும்.

எங்கே போகலாம்? மணல்மேடு இருக்கும் கடற்கரையில் எல்லாம் ஓட்டலாமா?

கூடாது. உலகத்தின் பெரும்பாலான கடலோர மணல்மேடுகளில் மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. பிரான்ஸில் 1991ஆம் ஆண்டுச் சட்டமே இயற்கைப் பகுதிகளில் பாதையை விட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்கிறது. "யாருமே இல்லை, வேலியும் இல்லை" என்பது அனுமதி ஆகிவிடாது.

அனுமதி உள்ள இடங்கள் இரண்டு வகை. ஒன்று, சொந்த வண்டியோ வாடகை வண்டியோ எடுத்துக்கொண்டு நாமே சுற்றலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஃபுளோரன்ஸ் ஊரிலிருந்து கூஸ் பே வரை கடலை ஒட்டிச் சுமார் 40 மைல் நீளும் மணல்மேட்டுப் பகுதி இதில் பெயர் பெற்றது. 1972இல் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவிக்கப்பட்டது, அதன் சில பகுதிகள் மட்டும் வண்டிகளுக்குத் திறந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் பிஸ்மோ பீச் பக்கத்தில் இருக்கும் ஓஷியானோ மணல்மேடுகள் இன்னொன்று. அங்கே கடற்கரை மணலிலேயே வண்டி ஓட்டி உள்ளே போய்க் கூடாரம் அடிக்கலாம்.

இன்னொரு வகை, வழிகாட்டி முன்னால் போக, வரிசையாகப் பின்தொடர்வது. நமீபியாவின் ஸ்வகோப்முண்ட், ஆஸ்திரேலியாவின் ஸ்டாக்டன் மணல்மேடுகள் போன்ற இடங்களில் இந்த ஏற்பாடு உண்டு. என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு இதுதான் சரி. ஒன்றிரண்டு மணி நேரம் வழிகாட்டியின் பின்னால் ஓட்டினால், அவர் எந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார், எங்கே வேகத்தைக் குறைக்கிறார் என்று பார்த்தே பாதி வித்தை வந்துவிடும்.

மணல்தானே, விழுந்தால் மெத்தை மாதிரிதானே இருக்கும்?

மணல் மெத்தைதான். கூடவே உருண்டு வரும் 200 கிலோ இரும்பு மெத்தை இல்லை.

மணல்மேட்டின் வடிவம் புரிந்தால் ஆபத்து எங்கே என்பதும் புரியும். காற்று வந்து மோதும் பக்கம் மெல்லச் சாய்ந்து எழும். காற்று மணலை அந்தச் சரிவில் உருட்டிக்கொண்டு உச்சிக்குக் கொண்டுவந்து, மறுபக்கம் கொட்டும். கொட்டிய மணல் தன் எடையிலேயே சரிந்து, உலர்ந்த மணல் எவ்வளவு செங்குத்தாக நிற்க முடியுமோ அந்த அளவில் நிற்கும். அது சுமார் 30 முதல் 34 டிகிரி. எண்ணைப் படித்தால் பெரிதாகத் தெரியாது. வண்டிமேல் உட்கார்ந்து கீழே பார்த்தால் சுவர் மாதிரி இருக்கும். ஆக, நீங்கள் ஏறுவது சாய்தளம், மறுபக்கம் இருப்பது பள்ளம். ஏறும்போது அந்தப் பள்ளம் கண்ணில் படவே படாது.

அதோடு இந்தப் பள்ளம் ஒரே இடத்திலும் இருக்காது. ஓரிகனில் கோடையில் வடமேற்கிலிருந்து காற்று அடிக்கும், குளிர்காலப் புயல்கள் தென்மேற்கிலிருந்து வரும். அதனால் போன முறை ஏறிய பக்கம் இந்த முறை விழும் பக்கமாக மாறியிருக்கலாம். பருவம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம், ஒரு ராத்திரி போதும். பகலெல்லாம் வண்டிகள் ஏறி இறங்கி முகட்டை மழுக்கி வைத்திருக்கும். ராத்திரிக் காற்று அதை மறுபடி தீட்டிவிடும்.

நான் இரண்டாம் முறை போனபோது நடந்தது இது. முந்தைய நாள் சாயங்காலம் நாலு தடவை ஏறி இறங்கிய மேடு. உச்சி வழுவழுவென்று ஆமை ஓடு மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் தடங்கள் எல்லாம் அழிந்திருந்தன, மேடு மட்டும் அதேதான் என்று நம்பி அதே வேகத்தில் ஏறினேன். உச்சியில் முன்சக்கரத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பயத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டேன், வண்டியின் மூக்கு இன்னும் கீழே குத்தியது. நான் தோள்பட்டையில் விழுந்து சறுக்கினேன், வண்டி எனக்கு இடப்பக்கமாக ஒரு புரள் புரண்டு நின்றது. மணிக்கட்டில் மாட்டியிருந்த சுவிட்ச் கயிறு நான் விழுந்ததும் இழுபட்டு இன்ஜினை அணைத்திருந்தது. அந்த நிசப்தத்தில் ஹெல்மெட்டுக்குள் மணல் சலசலவென்று இறங்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்படியானால் முகட்டை எப்படித்தான் தாண்டுவது?

முதல் நாள் தாண்டவே வேண்டாம். முகட்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, வண்டியை முகட்டுக்கு இணையாகத் திருப்பி, அதன் ஓரமாகவே கொஞ்ச தூரம் ஓட்டிக் கழுத்தை நீட்டிப் பாருங்கள். மறுபக்கம் என்ன இருக்கிறது, யார் ஏறி வருகிறார்கள் என்பது தெரியும். தெரிந்த பிறகு இறங்கலாமா, திரும்பலாமா என்று முடிவெடுங்கள். அனுபவசாலிகள் வேகமாகத் தாண்டுகிறார்கள் என்றால், அவர்கள் ஏற்கெனவே மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். பார்க்காமல் தாண்டுகிறவரும் உண்டு. அவர் பின்னால் போகாதீர்கள்.

இறங்குவது என்று முடிவானால் நேராக இறங்க வேண்டும். கோணலாக இறங்கினால் கீழ்ப்பக்கச் சக்கரங்கள் புதைந்து வண்டி புரளும். எடையைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, கீழ் கியரில், கொஞ்சமாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி இறங்குங்கள். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரா என்று கேட்கலாம். தார்ச் சாலையில் அது பைத்தியக்காரத்தனம். மணலிலோ முன்பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் உழுதுகொண்டு புதையும், பின்பக்கம் தூக்கும். மெல்லிய இழுவை இருந்தால் மூக்கு லேசாக இருக்கும். வேகத்தைக் குறைக்கிற வேலையை மணலே பார்த்துக்கொள்ளும்.

ஏறும்போது பாதியில் சக்தி போய்விட்டால்?

மேட்டின் அடியிலேயே வேகம் எடுத்து, எடையை முன்னால் கொண்டுவந்து, அதே இழுவையில் ஏற வேண்டும். நடுவில் கியர் மாற்ற யோசித்தால் மேட்டோடு போட்டி முடிந்தது. இருந்தாலும் சில நேரம் வண்டி திணறும். அது முழுக்க நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். கொஞ்சமாவது வேகம் மிச்சம் இருக்கும்போதே அகலமாக வளைத்துக் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். வளைக்கும்போது உடம்பு மேட்டுப் பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும்.

நின்றே விட்டதா? பிரேக்கைப் பிடித்து, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். பின்னோக்கி உருள விடவே கூடாது. உருள ஆரம்பித்து, அப்போது பின்பிரேக்கை அமுக்கினால் வண்டி நிமிர்ந்து உங்கள் மேலேயே விழும். இந்த விளையாட்டில் பெரிய காயங்கள் வருவது பெரும்பாலும் வண்டிக்கு அடியில் மாட்டுவதால்தான். வண்டி போகிற போக்கில் போனால் போகட்டும், அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள்.

டயரில் எவ்வளவு காற்று வைப்பது?

குவாட் டயரே குறைந்த காற்றில் ஓடுவதற்குச் செய்தது. கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. என்றால் இதற்குப் பொதுவாக 4 முதல் 7. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியிலேயே ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும். அதில் சொன்ன குறைந்தபட்ச அளவு மணலுக்குச் சரி. காற்று குறைந்தால் டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். ஆனால் ரொம்பவும் இறக்கினால் பக்கவாட்டுச் சரிவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும்.

ஒரு சின்ன விஷயம். பெட்ரோல் பங்கில் இருக்கும் காற்று மீட்டர் இதற்கு உதவாது, அதில் 4க்கும் 7க்கும் வித்தியாசமே தெரியாது. குறைந்த அழுத்தம் காட்டும் மீட்டர் தனியாக வேண்டும். காலையில் டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். நான்கிலும் ஒரே அளவு இருக்கிறதா என்பதை விட, இடதும் வலதும் ஒன்றா என்று பார்ப்பது முக்கியம். வலது பின்டயரில் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

பேடில் டயர் வாங்க வேண்டுமா?

துடுப்பு மாதிரிப் பட்டைகள் வைத்த பின்டயர் அது. மணலை வாரித் தள்ளும், இழுவை பிரமாதமாக இருக்கும். முதல் பயணத்துக்கு வேண்டாம். சாதாரண டயரில் காற்றை இறக்கி ஓட்டிப் பழகினால் மணல் எங்கே இறுக்கம், எங்கே இளக்கம் என்று இடுப்புக்கே தெரிய ஆரம்பிக்கும்.

மணலில் புதைந்துவிட்டால்?

ஆக்ஸிலரேட்டரிலிருந்து விரலை எடுங்கள். எல்லோரும் செய்கிற தவறு, இன்னும் அழுத்துவது. சக்கரம் சுற்றச் சுற்ற அது தனக்கே குழி தோண்டிக்கொள்ளும், அடித்தட்டு மணலில் உட்கார்ந்துவிடும். இறங்கி, வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஒரு பக்கச் சக்கரம் தூக்கும்போது மணல் அடியில் சரிந்து குழியை நிரப்பும். இரண்டு பேர் இருந்தால் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு அடி தள்ளி வையுங்கள். அப்புறம் மெல்ல, சக்கரம் சுழலாத அளவுக்கு மட்டும் அழுத்தி வெளியே வாருங்கள். நிறுத்தும்போதே மூக்கு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்திப் பழகினால் பாதித் தடவை இந்த வேலையே வராது.

மழைக்காலத்தில் இன்னொரு விதப் புதைவு உண்டு. முதல் வரிசை மேட்டுக்குப் பின்னால் காற்று அரித்த தாழ்வான சமவெளி இருக்கும். அங்கே நிலத்தடி நீர் மேலே வந்து, மணல் கஞ்சி மாதிரி இளகி நிற்கும். மேற்பரப்பு வெறும் ஈரம்போலத்தான் தெரியும். ஓரிகனில் குளிர்காலத்தில் இது வழக்கம். பளபளவென்று மின்னும் தாழ்வான மணலைக் கண்டால் சுற்றிக்கொண்டு போங்கள்.

எந்த நேரத்தில் ஓட்டுவது நல்லது?

காலையில். பனி ஈரத்தில் மணல் இறுகி இருக்கும், சக்கரம் புதையாது, காற்றும் எழுந்திருக்காது. எல்லாவற்றையும்விட வெளிச்சம். சூரியன் சாய்வாக இருக்கும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும், பள்ளம் பள்ளமாகவே தெரியும். உச்சி வெயிலில் நிழல் செத்துவிடும். எதிரே ஒரே வெள்ளைத் தாள் விரித்தது போல் இருக்கும், ஆள் உயரப் பள்ளம்கூடத் தட்டையாகத் தெரியும். மேகமூட்டமான நாளிலும் இதே கதைதான். நான் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை வண்டியை நிறுத்திவிடுவேன். உடம்புக்கும் அந்த இடைவெளி வேண்டும். முதல் நாள் மொத்தமே மூன்று, நான்கு மணி நேரம் ஓட்டினால் அதிகம். பெரும்பாலும் "கடைசியாக ஒரு ரவுண்டு" போகும்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள்.

கடல் ஓரமாகவே, ஈர மணலில் ஓட்டலாமா?

அனுமதி இருந்தால் ஓட்டலாம். ஈர மணல் சாலை மாதிரி இருக்கும், அதுதான் ஏமாற்றும். ஓதம் ஏறும்போது ஒரு பக்கம் அலை, மறு பக்கம் செங்குத்து மேடு என்று மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கடல் மட்டம் பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சம் தொடும். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் இன்னும் உயரும். அந்த நாளின் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு, நீர் இறங்கும்போது கிளம்புங்கள், ஏறத் தொடங்கும் முன் திரும்பிவிடுங்கள். ஓஷியானோவில் உள்ளே போகும் வழியிலேயே ஓர் ஓடை குறுக்கே வந்து கடலில் கலக்கிறது. நீர் ஏறியிருக்கும்போது அதில் இறங்கி மாட்டிக்கொள்ளும் வண்டிகள் புதிது இல்லை. அதே கடற்கரையில் வேக வரம்பு மணிக்கு 15 மைல்தான், கூடாரங்களுக்கும் ஆட்களுக்கும் 50 அடிக்குள்ளும் அதே வரம்பு.

அலையில் தண்ணீர் தெறிக்கப் புகைப்படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீர் பேரிங்கையும் வயரிங்கையும் தின்றுவிடும்.

எல்லா வண்டியிலும் நீளக் கம்பில் கொடி கட்டியிருக்கிறதே, அது எதற்கு?

அலங்காரம் இல்லை. மேட்டின் மறுபக்கம் ஏறி வருகிறவருக்கு உங்கள் தலை தெரிவதற்கு முன் கொடி தெரியும். ஓஷியானோவில் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி கட்டாயம். ஓரிகனில் அது சிவப்போ ஆரஞ்சோ நிறத்தில் இருக்க வேண்டும். கிழிந்து நைந்த கொடியோடு வாடகை வண்டி தந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

கூட்டமாகப் போவதா, தனியாகவா?

தனியாகப் போகவே கூடாது. கூட்டம் என்றால் மூன்று நான்கு வண்டிகள். முன்னால் இடம் தெரிந்தவர், கடைசியில் நிதானமானவர், புதியவர் நடுவில். முன் வண்டி முகட்டைத் தாண்டி, மறுபக்கம் ஒதுங்கிவிட்டதென்று சைகை தரும்வரை அடுத்தவர் ஏறக்கூடாது. எதிரே வருகிறவர்கள் விரல்களை நீட்டிக் காட்டினால் வணக்கம் சொல்வதாக நினைக்க வேண்டாம். தன் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று பல இடங்களில் அப்படித்தான் சொல்வார்கள்.

என்ன உடுத்துவது? அரைக்கால் சட்டை போதுமா?

போதாது. முழு ஹெல்மெட், கணுக்காலைத் தாண்டும் பூட்ஸ், கையுறை, முழுக்கைச் சட்டை, கெட்டியான நீளக் கால்சட்டை. வெயில் கண்ணாடி காகிள்ஸுக்கு மாற்று ஆகாது. முன் வண்டி எற்றும் மணல் பக்கவாட்டில் உள்ளே போய், கண்ணைக் கசக்கினால் கருவிழியைக் கீறும். காகிள்ஸ் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், பகலுக்குக் கறுப்பு, காலை மாலைக்குத் தெளிந்தது. கழுத்தில் ஒரு துணி சுற்றி மூக்குவரை இழுத்துவிட்டால், சாப்பிடும்போது பல்லில் மணல் நறநறக்காது. கொஞ்சம் குறைவாக நறநறக்கும் என்று சொல்வது நியாயம்.

வாடகை வண்டி எடுக்கிறேன். என்ன பார்க்க வேண்டும்?

ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடுங்கள், சட்டென்று திரும்ப வருகிறதா? ஹேண்டிலை முழுக்க இடதும் வலதும் திருப்பி வைத்து அதையே செய்யுங்கள். ஒரு முறை எனக்குத் தந்த வண்டியில் ஹேண்டிலை வலது கோடிக்குத் திருப்பினால் ஆக்ஸிலரேட்டர் அப்படியே மாட்டிக்கொண்டது. சமதளத்தில் தெரிந்ததால் தப்பித்தேன். கேபிளில் மணல் புகுந்திருந்தது. வாடகைக்காரர் "அது அப்படித்தான், போகப் போகச் சரியாகிடும்" என்றார். வண்டி மாற்றித் தரும்வரை நகரவில்லை. முன் பின் பிரேக், இன்ஜினை அணைக்கும் சுவிட்ச், அதன் கயிறு, டயர் காற்று இவற்றையும் பாருங்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களைப் போட்டோ எடுத்துவையுங்கள்.

பெரிய சி.சி. கேட்காதீர்கள். 250க்கும் 400க்கும் நடுவில் ஒரு வண்டி புதியவருக்குப் போதும். யாராவது பழைய மூன்று சக்கர வண்டியைப் பாசத்தோடு நீட்டினால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். புரளும் குணத்தால் அமெரிக்காவில் அவற்றின் புது விற்பனை 1988லேயே நிறுத்தப்பட்டது.

பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சீட் நீளமாக இருப்பது இரண்டு பேருக்காக இல்லை, ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர்வதற்கு. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் ஏற்றத்தில் மூக்கு தூக்கிவிடும். பெரியவர்களுக்கான குவாட்டை 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக்கூடாது என்று வண்டியிலேயே எச்சரிக்கை இருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அந்த வயதுக்குக் கீழே குவாட்டே வேண்டாம் என்கிறது. பிள்ளைகள் மேட்டில் பலகை வைத்துச் சறுக்கட்டும். அவர்களுக்கு அதில்தான் குஷியே.

வழி தவறிவிட்டால்?

மணல்மேட்டில் எல்லாத் திசையும் ஒன்றுபோல் இருக்கும், சொந்தத் தடத்தை நம்ப முடியாது. ஆனால் கடலோர மேட்டில் ஒரு வசதி உண்டு, அது பாலைவனத்தில் கிடையாது. இன்ஜினை அணையுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். அலைச் சத்தம் ஒரு பக்கமிருந்து வரும். கரை ஒரு நீண்ட கோடு, அதை அடைந்துவிட்டால் இடதா வலதா என்பது மட்டும்தான் கேள்வி. கிளம்பும்போதே முகாம் கடலுக்கு எந்தப் பக்கம், எந்த அடையாளத்துக்கு நேரே என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள், போனிலும் இடத்தைக் குறித்துவையுங்கள். கடல் பக்கமிருந்து மூடுபனி வந்தால் பத்து நிமிடத்தில் கொடிகூடத் தெரியாது. அந்த நேரத்தில் ஓட்ட வேண்டாம். எதிரே வருகிறவர் மோதாத இடமாகப் பார்த்து ஒதுங்கி நில்லுங்கள்.

பெட்ரோல், தண்ணீர்?

மணலில் வண்டி சாலையில் குடிப்பதைவிட நிறையக் குடிக்கும். டாங்கில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்புங்கள்: ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு எதிர்பாராததற்கு. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறைய வேண்டாம். இழுவைக் கயிறு, டயர் ஒட்டும் சாமான், சின்னக் காற்று பம்ப், முதலுதவிப் பை எல்லாம் ஒருவர் வண்டியிலாவது இருக்கட்டும்.

கயிறு கட்டி "உள்ளே வராதே" என்று பலகை வைத்திருக்கிறார்கள். வெறும் மணல்தானே?

வெறும் மணல் மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பறவையின் சாமர்த்தியம். அமெரிக்க மேற்குக் கரையில் ஸ்நோயி புளோவர் என்ற சின்ன உப்புக்கொத்தி, மணலில் ஒரு சிறு குழி கிளறி முட்டையிடும். முட்டை மணல் நிறம், புள்ளி புள்ளியாக இருக்கும். குனிந்து பார்த்தாலே கண்டுபிடிப்பது கஷ்டம், வண்டிமேல் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. 1993இல் இந்தக் கரையோரப் பறவை அழிவு அச்சத்தில் உள்ள இனமாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டது. ஓரிகனில் மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை, ஓஷியானோவில் மார்ச் முதல் செப்டம்பர் முடிய, கூடு கட்டும் பகுதிகளை அடைத்துவிடுவார்கள். தேதி குறிக்கும் முன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

புல் முளைத்த மேடுகளிலும் ஏறாதீர்கள். புல் கொத்துகளுக்கு நடுவே மறைந்த குழிகள் இருக்கும், வண்டி தூக்கிப் போடும்.

உரிமம், இன்சூரன்ஸ்?

ஓரிகனில் குவாட் ஓட்டப் பயிற்சிச் சான்று கேட்பார்கள், வீட்டிலிருந்தே இணையத்தில் படித்து எழுதலாம். பயணக் காப்பீட்டில் குவாட் விபத்தை விலக்கி வைத்திருக்கும் வரி பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். கிளம்பும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

சொந்த வண்டி என்றால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். உப்புக் காற்றே போதும் துருப்பிடிக்க. பேரிங் பக்கம் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சினால் மணலை உள்ளே தள்ளியதுதான் மிச்சம், குழாய்த் தண்ணீரை மெல்ல ஓட விடுங்கள். ரேடியேட்டர் இடுக்குகள், பிரேக் பட்டைகள், செயின் மூன்றையும் தனியாகக் கவனியுங்கள். செயினில் பிசுபிசுப்பான எண்ணெய் இருந்தால் மணல் அதோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி பல் சக்கரத்தைத் தேய்க்கும். துடைத்து, காய்ந்த வகை மசகு போடுங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றுவதற்கு முன், அந்தப் பெட்டியைச் சுற்றி இருக்கும் மணலை முதலில் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். நான் ஒரு முறை அவசரத்தில் அப்படியே மூடியைத் திறந்தேன். விளிம்பில் இருந்த ஒரு பிடி மணல் நேராக இன்ஜினுக்குப் போகும் குழாயில் விழுந்தது. அதை வெளியே எடுக்கக் கார்புரேட்டரைக் கழற்றி, அரை நாள் ஆயிற்று.